தீவன மூட்டைக்குள் இருப்பது என்ன?

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனியன். ஆனால் நம் மாவட்டம் உடுத்தக் கொடுப்பதோடு நின்றுவிடவில்லை, உண்ணவும் கொடுக்கிறது. பல்லடம், பொங்கலூர், உடுமலைப்பேட்டைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தென்னந்தோப்புகளுக்கு நடுவே, பக்கங்களில் கம்பி வலை அடித்த நீண்ட கொட்டகைகளைப் பார்க்கிறோம். அவை கறிக்கோழிப் பண்ணைகள். பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை விலையை வைத்தே பல ஊர்களில் வியாபாரம் நடக்கிறது என்றால், இத்தொழில் இங்கே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை உணரலாம். தந்தை பனியன் கம்பெனிக்குப் போக, தாயும் பாட்டியும் கோழிக் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே பல உண்டு.

அந்தக் கொட்டகைகளில் லாரியிலிருந்து வந்து இறங்கும் தீவன மூட்டையைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, எண்ணெய், தாது உப்புகள், வைட்டமின்கள் ஆகியவை அதில் இருப்பது பலருக்கும் தெரியும். இவற்றோடு, தீவனம் கெடாமல் இருப்பதற்காகச் சிறிதளவு இரசாயனப் பொருளும் சேர்க்கப்படுவதுண்டு. "அது விஷமா? அதைத் தின்ற கோழியை நாம் சாப்பிடலாமா?" என்ற கேள்வி வீடுகளில் அடிக்கடி எழுகிறது. "எல்லாம் கெமிக்கல்" என்று ஒரு சாராரும், "அரசாங்கம் அனுமதித்ததுதானே" என்று மறு சாராரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டும் விடை ஆகா. உண்மை விடையை அறிய மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தப் பொருள்? எவ்வளவு? எத்தனை நாள்? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வோம்.

காறல் என்பது யாது?

தீபாவளி முறுக்கு கார்த்திகை வரை டப்பாவில் கிடந்தால் ஒருவித வாடை வீசும். நாள்பட்ட கொப்பரையைக் கடித்தால் தொண்டையைப் பிடிக்கும். "காறல் எடுத்துவிட்டது" என்று பாட்டி சொல்வார். எண்ணெயும் கொழுப்பும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுவதுதான் இந்தக் காறல். விஞ்ஞானிகள் இதனை ஆக்ஸிஜனேற்றம் என்பர்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் திருப்பூர்ப் பெண்களாகிய நமக்கு விளக்குவது எளிது. பின்னலாடையில் ஒரு நூல் அறுந்தால் என்ன ஆகிறது? ஒரு கண்ணி அவிழும். அது அடுத்த கண்ணியை அவிழ்க்கும். சிறிது நேரத்தில் துணியில் ஏணிபோல் ஒரு கோடு ஓடிவிடும். கொழுப்பிலும் அப்படியே. வெப்பத்தாலோ, வெளிச்சத்தாலோ, இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் தொடர்பாலோ ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒரு ஹைட்ரஜனை இழக்கிறது. இழந்த மூலக்கூறு ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அது அதற்கடுத்ததிடமிருந்து பிடுங்குகிறது. இப்படிக் கண்ணி கண்ணியாகக் கேடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அவிழ்ந்து ஓடும் கண்ணியில் ஒரு முடிச்சுப் போட்டால் ஓட்டம் நின்றுவிடும் அல்லவா? அந்த முடிச்சுதான் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான். தன்னிடமுள்ள ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிட்டுச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. இதனைச் சுருக்கமாகக் காறல் தடுப்பான் என்றே இனி அழைப்போம்.

இயற்கையும் இவ்வேலையைச் செய்திருக்கிறது. நல்லெண்ணெய் நெடுநாள் கெடாமல் இருப்பதற்கு எள்ளிலேயே உள்ள செசமால் போன்ற பொருள்கள் துணைபுரிகின்றன. 1922-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈவான்ஸ், பிஷப் என்னும் இருவர் கண்டறிந்த வைட்டமின் 'ஈ'யும் ஒரு காறல் தடுப்பானே.

காறிய தீவனத்தால் வரும் கேடு

"கோழிக்கு என்ன ருசி தெரியும்? கொஞ்சம் காறினால் என்ன?" என்று கேட்கலாம். இங்கே ருசியைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. காறல் ஓடும்போது தீவனத்திலுள்ள வைட்டமின் 'ஏ'யும் 'ஈ'யும் அழிந்துபோகின்றன. வைட்டமின் 'ஈ' குறைந்த குஞ்சுகளுக்குச் சிறுமூளை மென்மையாகிச் சிதைந்துவிடும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, நடக்க முடியாமல் பக்கவாட்டில் விழுந்து, கால்களை உதறி இறந்துபோகும். ஆங்கிலத்தில் இதற்குப் "பைத்தியக் குஞ்சு நோய்" என்றே பெயர் வைத்தார்கள். இதை 1930-களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் விவரித்துள்ளனர். எனவே காறல் தடுப்பானைத் தீவனத்தில் சேர்க்கத் தொடங்கியது வியாபார லாபத்துக்காக மட்டுமன்று, குஞ்சுகளைக் காப்பாற்றவும்தான்.

இன்னொரு காரணம் நம்மை வியக்க வைக்கும். தீவனத்தில் சேர்க்கும் மீன்தூளில் கொழுப்பு அதிகம். கப்பலின் அடித்தளத்தில் டன் கணக்கில் கொட்டிவைத்தால், ஆக்ஸிஜனேற்றத்தின்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், யாரும் நெருப்பு வைக்காமலே தீப்பிடித்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த பஞ்சுக் கழிவைக் குவித்துவைத்தால் தானே பற்றிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஆகவே மீன்தூளைக் கப்பலில் ஏற்றும்போது காறல் தடுப்பான் சேர்த்திருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்வழிச் சரக்கு விதிகளே கூறுகின்றன. கப்பல் பாதுகாப்புக்காகச் சேர்த்த பொருள், தீவனத்தின் வழியே நம் தட்டு வரை வந்துவிடுகிறது!

மூன்று இரசாயனங்கள்

தீவனத்தில் உலகெங்கும் அதிகமாகப் பயன்பட்ட செயற்கைக் காறல் தடுப்பான்கள் மூன்று.

முதலாவது பி.எச்.ஏ. இதன் முழுப் பெயர் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி அனிசோல். இரண்டாவது பி.எச்.டி., அதாவது பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுயீன். (டாக்டர் பட்டம் என்று தோழியர் எண்ணிவிட வேண்டாம்!) இவ்விரண்டும் மனிதர் உண்ணும் சில உணவுகளிலும் சேர்க்கப்படுகின்றன. மூன்றாவது எத்தாக்ஸிக்வின். இது முதலில் ரப்பர் வெடித்துப் போகாமல் இருப்பதற்காகப் பயன்பட்டது. பின்னர்ப் பேரிக்காயின் தோல் கருக்காமல் இருக்கவும், கால்நடைத் தீவனத்திலும் பயன்பட்டது. மீன்தூளுக்கு மிகச் சிறந்தது, விலையும் குறைவு என்பதால் மிகப் பரவலாயிற்று.

இவற்றுள் பி.எச்.டி.யைத் திருப்பூர்க்காரர்கள் வேறொரு வேடத்தில் சந்தித்திருக்கிறார்கள். பாலிதீன் பைகள் நொறுங்கிப் போகாமல் இருக்க, அந்தப் பிளாஸ்டிக்கிலும் பி.எச்.டி. சேர்ப்பதுண்டு. பளிச்சென்ற வெள்ளைப் பனியனைப் பையில் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் பெட்டியைத் திறந்தால் மடிப்புகளில் மஞ்சள்! சாயப்பட்டறையைத் திட்டுவார்கள்; சோப்பைக் குறை கூறுவார்கள். பையிலுள்ள பி.எச்.டி. மெல்ல ஆவியாகித் துணியில் படிந்து, லாரிப் புகையிலும் மற்றப் புகையிலும் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சேர்ந்து, துணியில் காரத்தன்மை மிச்சமிருந்தால் மஞ்சளாக மாறுவதும் இதற்கு ஒரு காரணம். இதைக் கண்டுபிடிக்க ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 என்ற சோதனையே இருக்கிறது. துணியைச் சோதனைத் தாளோடு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, 50 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 16 மணி நேரம் அடைத்துப் பார்ப்பார்கள். பி.எச்.டி. இல்லாத பைகளைக் கேட்டு வாங்குவதும், துணியைக் கடைசியில் இலேசான அமிலத்தன்மையில் முடிப்பதும் இதற்குப் பரிகாரம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஓரிடத்தில் நன்மைக்காகச் சேர்த்த பொருள் அவ்விடத்திலேயே இருந்துவிடுவதில்லை. பையிலிருந்து துணிக்குப் போவதுபோல, தீவனத்திலிருந்து கோழிக்கும், கோழியிலிருந்து நமக்கும் சிறிதளவு போகக்கூடும். அந்தச் "சிறிதளவு" எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எலிகள் சொன்ன சாட்சி

1983-ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இட்டோ குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். உணவில் நூற்றுக்கு 2 பங்கு பி.எச்.ஏ. கலந்து நெடுநாள் கொடுத்தபோது எலிகளின் முன்னிரைப்பையில் புற்றுநோய் உண்டாயிற்று. உலகமே பதறியது. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எலிக்கு இரைப்பைக்கு முன்னால் முன்னிரைப்பை என்று ஓர் அறை உண்டு. மனிதருக்கு அது இல்லை. அடுத்தது, நூற்றுக்கு 2 பங்கு என்றால் ஒரு டன் உணவில் 20 கிலோ. ஐரோப்பாவில் தீவனத்துக்கு விதித்த உச்ச வரம்போ ஒரு டன்னுக்கு 150 கிராம்தான். எலிகள் தின்றது அதைவிட நூறு மடங்குக்கு மேல்.

ஆயினும் விஞ்ஞானிகள் இதை அலட்சியம் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பி.எச்.ஏ.யை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்னும் 2-பி பிரிவில் சேர்த்தது. பி.எச்.டி.யை, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்னும் 3-ஆம் பிரிவில் வைத்தது. பி.எச்.டி.யும் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. மிக அதிக அளவில் கொடுத்தபோது எலிகளின் கல்லீரல் பெருத்தது. வைட்டமின் 'கே'யின் வேலை தடைப்பட்டு இரத்தக்கசிவும் ஏற்பட்டது.

எத்தாக்ஸிக்வினைப் பொறுத்தவரை நாய்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. நாய் உணவில் இது சேர்ந்திருப்பது பற்றி அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நாய்களின் கல்லீரலில் இரத்தச் சிவப்போடு தொடர்புடைய ஒரு நிறமி படிவதைச் சோதனை காட்டியது. எனவே 1997-ஆம் ஆண்டு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் நாய் உணவில் 150 பங்கு என்றிருந்த வரம்பைப் பாதியாக, 75 பங்காகக் குறைத்துக்கொள்ளுமாறு உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. இங்கே பங்கு என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன்னில் ஒரு கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் தட்டில் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழுக்கள், ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் தீங்கு நேராது என்று கருதும் அளவை ஒவ்வொரு பொருளுக்கும் வகுத்துள்ளன. உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் பி.எச்.ஏ. 0.5 மில்லிகிராம், பி.எச்.டி. 0.3 மில்லிகிராம், எத்தாக்ஸிக்வின் 0.005 மில்லிகிராம்.

நம்மில் 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு நாள் வரம்பு பி.எச்.ஏ. 20 மில்லிகிராம், பி.எச்.டி. 12 மில்லிகிராம், எத்தாக்ஸிக்வின் 0.2 மில்லிகிராம். மூன்றில் எது மிகக் கண்டிப்பானது என்பது இப்போது தெளிவாகிறது. எத்தாக்ஸிக்வினின் வரம்பு பி.எச்.ஏ.யின் வரம்பில் நூறில் ஒரு பங்கே.

ஒரு கறிக்கோழி ஏறக்குறைய 40 நாட்களில் இரண்டு கிலோ எடைக்கு வளர்கிறது. அதற்குள் மூன்று, மூன்றரைக் கிலோ தீவனம் தின்கிறது. உச்ச வரம்பான 150 பங்கு கலந்திருந்தாலும், ஒரு கோழி தன் வாழ்நாளில் உட்கொள்வது அரை கிராம்தான். அதிலும் பெரும்பகுதி எச்சத்தில் வெளியேறிவிடும். மிச்சம் முக்கியமாகக் கொழுப்பிலும் ஈரலிலும் தங்கும். அமெரிக்க விதியின்படி கோழித் தசையில் 0.5 பங்குக்கு மேல் எத்தாக்ஸிக்வின் இருக்கக் கூடாது. ஈரலிலும் கொழுப்பிலும் 3 பங்கு வரை இருக்கலாம். அந்த உச்ச அளவே இருந்தாலும், 200 கிராம் கறியில் நம் மாணவிக்குக் கிடைப்பது 0.1 மில்லிகிராம், அதாவது அவளுடைய ஒரு நாள் வரம்பில் பாதி. அதே 200 கிராமை ஈரலாக நாள்தோறும் உண்டால் 0.6 மில்லிகிராம், வரம்பைப்போல் மூன்று மடங்கு! ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் "எவ்வளவு, எத்தனை நாள்" என்ற கேள்விகளை விட்டுவிடவும் முடியாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே.

ஜப்பான் திருப்பி அனுப்பிய இறால்

நம் நாட்டையே உலுக்கிய ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். 2012-ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து போன பண்ணை இறாலில் எத்தாக்ஸிக்வின் இருப்பதை ஜப்பான் அதிகாரிகள் கண்டனர். ஜப்பான் அனுமதித்த அளவு 0.01 பங்கு. அதாவது 100 டன் இறாலில் ஒரே ஒரு கிராம்! சரக்குகள் துறைமுகத்தில் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. வரம்பு மீறியவை ஏற்கப்படவில்லை. கிழக்குக் கடற்கரையில் இறால் வளர்த்த விவசாயிகள் திகைத்தனர். எத்தாக்ஸிக்வினை அவர்கள் கையால் தொட்டதுகூட இல்லை. மீன்தூளில் சேர்ந்து, மீன்தூள் தீவனத்தில் சேர்ந்து, தீவனம் இறாலில் சேர்ந்துவிட்டது. வியட்நாம் நாட்டு இறாலுக்கும் அதே ஆண்டில் அதே கதி நேர்ந்தது.

அந்த 0.01 பங்கு என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? இறாலில் இவ்வளவு இருந்தால் ஆபத்து என்று ஆராய்ந்து வைத்த வரம்பன்று அது. எந்த உணவுக்குத் தனியாக வரம்பு குறிக்கப்படவில்லையோ, அதற்கெல்லாம் ஜப்பான் 2006 முதல் பொதுவாக விதித்த அளவு. அதே ஜப்பானில் மீனுக்குத் தனி வரம்பு இருந்தது. அது 1 பங்கு, இறாலுக்குரியதைப்போல் நூறு மடங்கு! மேற்கண்ட மாணவி 0.01 பங்கு உள்ள இறாலைத் தின்று தன் வரம்பை எட்ட வேண்டுமானால் நாள்தோறும் 20 கிலோ தின்ன வேண்டும். பின்னர் மறு ஆராய்ச்சி நடந்தது. 2014 ஜனவரியில் ஜப்பான் இறால் வகைகளுக்கான வரம்பை 0.2 பங்காக உயர்த்தியது.

"அப்படியானால் ஜப்பான் வீணாகப் பயமுறுத்தியதா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கதையின் அடுத்த பகுதி ஐரோப்பாவில் நடந்தது.

பாதுகாப்பு என்று யார் நிரூபிப்பது?

2015-ஆம் ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்தாக்ஸிக்வினை மறுபடியும் ஆராய்ந்தது. எத்தாக்ஸிக்வின் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளும், அதைத் தயாரிக்கும்போது கலந்துவரும் பாரா-பெனிடிடின் என்ற மாசுப் பொருளும் உயிரணுவின் மரபுப் பொருளைத் தாக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. கோழிக்கும் மனிதருக்கும் சுற்றுப்புறத்துக்கும் இது பாதுகாப்பானது என்று முடிவு செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று ஆணையம் கூறியது. 2017 ஜூன் மாதத்தில் ஐரோப்பிய யூனியன் அனுமதியை நிறுத்திவைத்தது. மீன்தூள் போன்றவற்றுக்கு மாற்று வழி தேட 2020 வரை தவணை கொடுத்தது. 2022-ஆம் ஆண்டு அனுமதியை முற்றிலும் மறுத்துவிட்டது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை மனத்தில் பதிக்க வேண்டும். ஐரோப்பா சொன்னது, "இதனால் மனிதர் செத்தனர்" என்பதன்று. "இது பாதுகாப்பானது என்று நீங்கள் எங்களுக்குக் காட்டவில்லை" என்பதே. தீங்கு நிரூபிக்கப்படுவது ஒன்று. பாதுகாப்பு நிரூபிக்கப்படாமல் இருப்பது வேறொன்று. முதலாவது நேர்ந்தால் அச்சப்பட வேண்டும். இரண்டாவது நேர்ந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையதே அன்றி உண்பவருடையதன்று என்னும் கொள்கையை அவர்கள் பின்பற்றினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழகிய பொருள் என்பதற்காக எவரும் அதற்கு விலக்குக் கொடுக்கவில்லை. இது நியாயமே என்பது எங்கள் கருத்து. குழந்தைகள் உண்ணும் உணவில் சந்தேகத்தின் பலன் இரசாயனத்துக்குப் போகக் கூடாது. குழந்தைக்கே போக வேண்டும்.

இப்போது மாற்று வழிகளும் வந்துவிட்டன. வைட்டமின் 'ஈ' இனத்தைச் சேர்ந்த டோக்கோபெரால் கலவையைக் கொண்டு மீன்தூளைக் கப்பலில் அனுப்பச் சர்வதேச விதிகள் இடமளிக்கின்றன. விலை கூடுதல், அளவும் கூடுதலாகத் தேவை என்பது உண்மைதான்.

இயற்கை என்றால் நல்லதா?

செயற்கைப் பொருளைக் கண்டு பயந்து, "ஒன்றும் சேர்க்காத தீவனமே நல்லது" என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. இரசாயனம் எதுவும் காரணமன்று. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம். அந்தப் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு முழுக்க முழுக்க இயற்கையானது. புற்றுநோய் அமைப்பு அதனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதற் பிரிவில் வைத்திருக்கிறது. பி.எச்.ஏ.யோ "உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில்தான் இருக்கிறது!

காறல் தடுப்பான் பூஞ்சையைத் தடுக்காது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். காறல் காற்றால் வருவது. பூஞ்சை ஈரத்தால் வருவது. அரிசித் தவிடு விரைவில் கெடுவதற்கு அதிலேயே உள்ள ஒரு நொதிப்பொருள் முக்கிய காரணம். அதைச் சூடாக்கித்தான் நிறுத்த முடியும். ஏற்கனவே காறிவிட்ட எண்ணெயை எந்தத் தடுப்பானாலும் நல்லதாக்க முடியாது. நோய்க்கேற்ற மருந்து என்பது தீவனத்துக்கும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியவை

நம் பகுதியில் பெரும்பாலும் கம்பெனிகளே குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கின்றன. பண்ணைக்காரர் கொட்டகையும் உழைப்பும் கொடுத்து வளர்ப்புக் கூலி பெறுகிறார். தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் இல்லை. ஆனால் மூட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு. எந்தக் காறல் தடுப்பான், ஒரு டன்னுக்கு எத்தனை கிராம் என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லலாம். ஜப்பானில் நின்ற இறால் நமக்குக் கற்பித்தது இதுதான்: தெரியாமல் சேர்ந்த பொருளுக்குத் தெரியாதவரே விலை கொடுக்க நேர்கிறது.

தீவனத்தை வேண்டிய அளவுக்கே வாங்கி, முதலில் வந்ததை முதலில் செலவழிக்க வேண்டும். தரையில் நேராக வைக்காமல் பலகை மேல் அடுக்க வேண்டும். சுவரை ஒட்டாமலும், வெயில், மழைச் சாரல் படாமலும் வைக்க வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் குறைந்தால் இரசாயனத்தின் தேவையும் குறையும். காறல் வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால், "வீணாகிறதே" என்று மாட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது. பூஞ்சை நஞ்சு மாட்டின் பாலிலும் வரும்.

தீவனம் கலக்கும் தாய்மாருக்கு ஒரு தனி வேண்டுகோள். எத்தாக்ஸிக்வின் கலந்த தூள் சிலருடைய தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்குவதாக மருத்துவர்கள் எழுதியுள்ளனர். உண்பவரைவிடக் கலப்பவருக்கே அது மிக நெருக்கமானது. மூக்கில் துணி கட்டிக்கொள்வதும், கையுறை அணிவதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

வீட்டுச் சமையலில், கோழியின் தோலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டால் இரசாயன மிச்சத்தின் பெரும்பகுதியும் நீங்கிவிடும். சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் ஈரலே கொடுப்பதைத் தவிர்க்கலாம். எப்போதாவது கொடுப்பதற்குத் தடையில்லை. இரும்புச்சத்துக்கு ஈரல் சிறந்த உணவு.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் கால்நடை மருத்துவர் ஆகலாம். சிலர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கலாம். சிலர் பண்ணையையோ கம்பெனியையோ நடத்தலாம். எல்லோருமே ஏதோ ஒரு சமையலறையில் உலை வைப்போம். வெள்ளைப் பனியன் ஏன் மஞ்சளாயிற்று என்று விடாமல் கேட்டு, பாலிதீன் பை வரை போய்க் காரணம் கண்ட ஊர் நம்முடையது. ஏற்றுமதித் துணிக்குக் காட்டும் அந்த அக்கறையை நம் வீட்டு உணவுக்கும் காட்டுவோம். மூட்டையின் சீட்டைப் படிப்போம். எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்போம்.